குடலுக்குப் போகும் செல்லை வழியில் மறிப்பது

என் சித்தி மகனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்சவ்வு புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகிற நோய். கல்லூரி முடிக்கிற வயதில் வந்தது. ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கும், குறைத்தால் திரும்ப வரும். இப்போது எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய், அரை மணி நேரம் படுத்து, டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருகிறான். வெடோலிசுமாப் என்ற ஆன்டிபாடி, ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம். போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டான்: "அக்கா, கையில ஏத்துற மருந்து எப்படிக்கா குடலுக்கு மட்டும் கரெக்டா போகுது?"

"குடலுக்கு மட்டும் போகலடா. உடம்பு முழுக்கத்தான் சுத்துது" என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. அவனுக்கு மருந்தை விளக்கியவர்கள் "குடலுக்கு மட்டும் வேலை செய்யும்" என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கிற ஐம்பது வருட வேலையைத் தெரிந்துகொண்டால் அந்த டிரிப்ஸ் பாட்டில் மீது தனி மரியாதை வரும். எனக்கு வந்தது.

நான் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கொலனோஸ்கோபியில் எடுத்த கடுகு அளவு சதைத் துண்டு ஃபார்மலினில் மிதந்தபடி எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டுவோம். சாதாரண நிறமேற்றலில் விடை கிடைக்காதபோது டாக்டர் "ஐஎச்சி போடுங்க" என்பார். அதில் ஆன்டிபாடிதான் ஆயுதம். சதைத் துண்டின் மீது ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடியைச் சொட்டுவோம். அது தேடும் புரதம் அங்கே இருந்தால் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். பிடித்த இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் வரும்படி அடுத்த கட்ட வேதிப்பொருள்களைச் சேர்ப்போம். மற்றதெல்லாம் நீலமாக நிற்கும்.

குடல் சம்பந்தமாக நாங்கள் அதிகம் போடுவது சிடிஎக்ஸ்2. ஒரு செல்லைக் குடல் செல்லாக ஆக்குகிற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் அது. செல்லின் உட்கருவில் உட்கார்ந்திருக்கும். ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி, எங்கிருந்து பரவியது என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டியில் சிடிஎக்ஸ்2 பழுப்பாக வந்து, கூடவே சைட்டோகெரட்டின் 20 என்ற புரதமும் வந்து, சைட்டோகெரட்டின் 7 வராவிட்டால், பெருங்குடலைப் பாருங்கள் என்று அறிக்கை போகும். புற்றாக மாறி, இடம் மாறி, கல்லீரலில் குடியேறிய பிறகும் அந்தச் செல் தான் குடல்காரன் என்பதை விடவில்லை. இதைக் கண்ணாடியில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்புதான்.

சரி, ஒரு திசுவை இவ்வளவு துல்லியமாக அடையாளம் காட்டும் ஆன்டிபாடி இருக்கிறதென்றால், அதையே மருந்தாக ஏற்றினால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோஹ்லரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வற்றாமல் சுரக்கும் செல்களை உருவாக்கிக் காட்டினார்கள். எலியின் ஆன்டிபாடி சுரக்கும் செல்லையும் சாகாமல் பெருகும் புற்றுச் செல்லையும் இணைத்த கலப்புச் செல் அது. 1984-இல் நோபல் பரிசு. அதற்கு அப்புறம் உலகெங்கும் ஆய்வகங்கள் எலிகளுக்கு விதவிதமான செல்களை ஊசி போட்டு, என்ன ஆன்டிபாடி கிடைக்கிறதென்று பார்க்க ஆரம்பித்தன.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் அப்படிக் கிடைத்தது ஏ33 என்ற ஆன்டிபாடி. அது பிடிக்கிற புரதம் குடல் உள்சவ்வுச் செல்களின் மேல் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றிலும் இருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் அநேகமாக இல்லை. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல இலக்கு கிடைக்காது. கதிரியக்க அயோடினை அதன் மீது ஏற்றி, கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்று உள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். கேமராவில் கட்டிகள் தெரிந்தன. கூடவே நல்ல குடலும் தெரிந்தது. அதன் மீதும் அதே புரதம் இருக்கிறதே! நல்ல குடலில் ஒட்டியது சில நாட்களில் கழிந்துபோனது, கட்டியில் ஒட்டியது அதைவிட நாள் கூடத் தங்கியது என்பது நல்ல செய்தி. ஆனால் சிகிச்சையாகப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கதிரியக்கம் எலும்பு மஜ்ஜையைத் தாக்கியது. எலி ஆன்டிபாடியை மனித உடல் அந்நியமாகக் கண்டு எதிர்த்தது. மனித வடிவத்துக்கு மாற்றிய பிறகும் பல நோயாளிகளின் உடல் அதை ஏற்கவில்லை.

திசுவையே இலக்காக வைத்தால் வரும் சங்கடம் இது. நோயுள்ள குடலும் நோயில்லாத குடலும் ஒரே அடையாளத்தோடு இருக்கின்றன. அழற்சி நோயில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். அங்கே குடல் செல்லை அழிக்கவே கூடாது. அதைக் காப்பாற்றத்தான் சிகிச்சையே.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. மருந்து கண்டுபிடிக்கும் எண்ணமே இல்லாத ஒரு கேள்வியிலிருந்து: ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் (நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) எங்கே போகின்றன?

1950-களில் இது பெரிய புதிர். மார்புக்குள் ஓடும் முக்கிய நிணநீர்க் குழாயின் வழியாக ஒவ்வொரு நாளும் ஏராளமான லிம்போசைட்டுகள் ரத்தத்தில் வந்து கொட்டுகின்றன. கொட்டியவை என்ன ஆகின்றன? ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளில் அந்தக் குழாயிலிருந்து செல்களை எடுத்து, கதிரியக்க அடையாளம் போட்டு, திரும்ப ரத்தத்தில் விட்டுப் பார்த்தார். சிறிய செல்கள் ரத்தத்திலிருந்து நிணநீர் முடிச்சுகளுக்குள் போய், மறுபடி நிணநீர்க் குழாய் வழியே ரத்தத்துக்கே வந்தன. சுற்றிக்கொண்டே இருந்தன. 1964-இல் அவரும் நைட் என்பவரும் வெளியிட்ட கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. பெரிய லிம்போசைட்டுகள் அப்படிச் சுற்றவில்லை. அவற்றில் பெரும்பகுதி நேராகக் குடல் சுவருக்குப் போய்த் தங்கிவிட்டன. பிறகு வந்தவர்கள், உணவோ கிருமியோ ஒருபோதும் படாத கருக்குடல் துண்டை எலிக்குள் ஒட்டிவைத்தும் பார்த்தார்கள். அந்தத் துண்டுக்கும் இந்தச் செல்கள் தேடிப் போயின. ஆக, குடலில் உள்ள கிருமியோ உணவோ அவற்றை இழுக்கவில்லை. குடல் என்ற திசுவிலேயே ஏதோ ஒன்று அவற்றை அழைத்தது.

அந்த ஏதோ ஒன்றைப் பிடித்துக் காட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் யூஜின் புட்சரும் அவரது குழுவும். ரத்தக்குழாயின் உட்சுவர் எல்லா உறுப்பிலும் ஒன்றுபோல இல்லை என்பதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட நூல்முனை. சுண்டெலியின் நிணநீர்த் திசுவிலிருந்து ரத்தக்குழாய்ச் செல்களை எடுத்துப் பெரிய எலிகளுக்கு ஊசி போட்டு ஆன்டிபாடிகள் செய்தார்கள். அவற்றில் மெகா-367 என்பது குடல் சார்ந்த ரத்தக்குழாய்களில் மட்டும் ஒட்டியது. மெகா-79 என்பது கை கால் பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் ஒட்டியது. மெகா-367-ஐச் செலுத்தினால் லிம்போசைட்டுகள் குடல் பக்கம் போவது நின்றது, மற்ற முடிச்சுகளுக்குப் போவது நிற்கவில்லை. இது 1988. ஆன்டிபாடி இங்கே நோய்க்கு மருந்தாக வரவில்லை. எது எங்கே இருக்கிறது என்று காட்டும் விரலாக வந்தது. நான் தினமும் ஆய்வகத்தில் செய்கிற வேலையின் அண்ணன் அது.

மெகா-367 பிடித்த புரதத்துக்கு மேட்கேம்-1 என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் அதன் மரபணு படிக்கப்பட்டது. லிம்போசைட்டின் மேலிருந்து அதைப் பற்றிக்கொள்வது ஆல்ஃபா4-பீட்டா7 என்ற இன்டெக்ரின் புரதம் என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது.

இந்தப் பற்றுதல் எப்படி நடக்கிறது என்பது அழகான விஷயம். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கத் தெரிந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பியைப் பிடித்தபடியே காலைத் தரையில் வைத்து, நாலு எட்டு கூடவே ஓடி, வேகம் குறைந்ததும் கையை விடுவார்கள். லிம்போசைட்டும் ரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும்போது குழாய்ச் சுவரை லேசாகத் தொட்டு, உருண்டு, வேகம் குறைந்து, இறுக ஒட்டி, பிறகு சுவர்ச் செல்களுக்கு இடையே நுழைந்து திசுவுக்குள் இறங்குகிறது. ஆல்ஃபா4-பீட்டா7 உள்ள செல் மேட்கேம்-1 உள்ள சுவரில் மட்டும்தான் இப்படி நிற்க முடியும். அந்தச் சுவர் குடலில் இருக்கிறது.

ஒரு செல்லுக்கு இந்தப் புரதம் எப்படிக் கிடைக்கிறது? 2004-இல் ஜப்பானிய விஞ்ஞானி இவாட்டாவின் குழு காட்டியது: குடல் பக்கத்து நிணநீர் முடிச்சில் இருக்கும், லிம்போசைட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் தயாரிக்கின்றன. அங்கே பயிற்சி பெறும் டி செல் (லிம்போசைட்டுகளில் ஒரு வகை) அந்த அமிலத்தைப் பெற்றால் ஆல்ஃபா4-பீட்டா7-ஐ மேலே ஏற்றிக்கொள்கிறது. நாம் சாப்பிடும் முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் இருந்து வருகிற அதே வைட்டமின் ஏ. (இதைப் படித்துவிட்டு குடல் நோய்க்காரர்கள் கீரையை நிறுத்திவிட வேண்டாம். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.)

இனி மருந்தாக ஆன ஆன்டிபாடியின் கதை. அது இந்தத் தேடலுக்கு வெளியே பிறந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆண்ட்ரூ லாசரோவிட்ஸ் என்ற இளம் கனடிய மருத்துவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய துறை சிறுநீரக மாற்று சிகிச்சை. ஒட்டிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும்போது டி செல்களில் என்ன மாறுகிறது என்பது அந்தத் துறையின் கேள்வி. டெட்டனஸ் தடுப்பூசிப் பொருளை அடையாளம் காணும் மனித டி செல்களை எலிக்கு ஊசி போட்டு எடுத்த ஆன்டிபாடிகளில் ஒன்று, தூண்டப்பட்டுப் பல நாள் ஆன டி செல்களில் அதிகமாக ஒட்டியது. ஆக்ட்-1 என்று பெயரிட்டு 1984-இல் வெளியிட்டார்கள். அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. குடலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதும் தெரியாது.

ஒன்பது வருடம் கழித்து, 1993-இல், ஆக்ட்-1 பிடிப்பது ஆல்ஃபா4-பீட்டா7-ஐ என்று தெரிந்தது. அதுவும் ஆல்ஃபா4 தனியாக இருந்தால் பிடிக்காது, பீட்டா7 வேறொன்றோடு சேர்ந்திருந்தால் பிடிக்காது, இரண்டும் ஜோடியாக இருந்தால் மட்டும் பிடிக்கும். இந்தக் கடைசி விவரம் சின்னதாகத் தெரியும். பல உயிர்கள் அதில் தொங்கின என்பது பிறகுதான் தெரிந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். அதே காலத்தில் இன்னொரு ஆன்டிபாடி தயாராகிக்கொண்டிருந்தது: நடாலிசுமாப். அது ஆல்ஃபா4 எங்கிருந்தாலும் பிடிக்கும். ஆல்ஃபா4-பீட்டா7-ஐயும் மறிக்கும், ஆல்ஃபா4-பீட்டா1-ஐயும் மறிக்கும். இந்த இரண்டாவது ஜோடியை வைத்துத்தான் லிம்போசைட்டுகள் மூளைக்குள் நுழைகின்றன. அதனால் மூளையின் அழற்சி நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நடாலிசுமாப் நன்றாக வேலை செய்தது. குடலின் இன்னொரு அழற்சி நோயான கிரோன் நோயிலும் பலன் தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியில் விற்பனை நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு பிஎம்எல் என்ற மூளை நோய் வந்திருந்தது. ஜேசி வைரஸ் நம்மில் பெரும்பாலானவர்களிடம் அமைதியாக இருக்கிறது. மூளைக்குள் காவல் செல்கள் போகாவிட்டால் அது விழித்து வெள்ளைப் பகுதியை அழிக்கிறது. முதலில் தெரியவந்த மூன்று நோயாளிகளில் ஒருவர் கிரோன் நோய்க்காக அந்த மருந்தை எடுத்தவர். அவர் இறந்துபோனார். குடலுக்காக ஏற்றிய மருந்து மூளையைத் திறந்துவிட்டது. பிறகு கட்டுப்பாடுகளோடு அந்த மருந்து 2006-இல் திரும்ப வந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு இன்றும் பயன்படுகிறது.

ஆக்ட்-1 ஜோடியை மட்டுமே பிடிக்கும் என்றேன் அல்லவா, அதன் மதிப்பு இப்போது புரியும்.

குரங்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொலம்பியாவின் வடமேற்குக் காடுகளில் காட்டன்-டாப் டாமரின் என்ற சின்னக் குரங்கு இருக்கிறது. தலையில் வெள்ளை முடி, அணில் அளவு உடம்பு. இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம். கூண்டில் வளர்க்கும்போது அதற்குத் தானாகவே பெருங்குடல் அழற்சி வருகிறது. பலவற்றுக்குக் குடல் புற்றுநோயும் வருகிறது. மனித அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இவ்வளவு நெருக்கமான விலங்கு நோய் வேறு அதிகம் இல்லை. 1996-இல் ஆக்ட்-1 ஆன்டிபாடியை நோயுற்ற டாமரின்களுக்குக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது, திசுவிலும் அழற்சி குறைந்தது. என் தம்பி நன்றாக இருப்பதில் அந்தக் குரங்குகளுக்கும் பங்குண்டு. அவற்றின் காடு இப்போது துண்டு துண்டாகிக் கிடக்கிறது என்பதைப் படித்தபோது மனசு கனத்தது.

எலி ஆன்டிபாடியை அப்படியே மனிதருக்குக் கொடுக்க முடியாது. இலக்கைத் தொடும் நுனிப் பகுதிகளை மட்டும் எலியிடமிருந்து வைத்துக்கொண்டு, மீதியெல்லாம் மனித ஆன்டிபாடியின் சட்டகமாக மாற்ற வேண்டும். கேம்பிரிட்ஜின் கிரெக் வின்டர் 1980-களில் வகுத்த முறை இது. ஆன்டிபாடி உருவாக்கும் வேறொரு முறைக்காக அவருக்கு 2018-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த ஆன்டிபாடியில் இன்னொரு மாற்றமும் செய்தார்கள். வழக்கமாக ஆன்டிபாடியின் வால் பகுதி, "இதை அழியுங்கள்" என்று மற்ற காவல் செல்களைக் கூப்பிடும். அந்த வாலை ஊமையாக்கினார்கள். இப்படி மாற்றிய ஆக்ட்-1-தான் வெடோலிசுமாப். அது, தான் பிடித்த லிம்போசைட்டைக் கொல்வதில்லை. அதன் பற்றுப் புரதத்தின் மீது போர்த்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அந்தச் செல் ரத்தத்தில் உயிரோடு சுற்றும். குடலில் இறங்க மட்டும் முடியாது.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். மருந்து உடல் முழுக்கப் போகிறது. ஆனால் அது பிடிப்பது குடலுக்குப் போகக் கிளம்பிய செல்களை. ஆகவே விளைவு குடலில் தெரிகிறது.

சொல்லிவிடலாம், ஆனால் மனித உடலில் உண்மையிலேயே அப்படித்தானா? இதைச் சோதித்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒரு தடவை வெடோலிசுமாப் கொடுத்து, முன்னும் பின்னும் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து, அதிலுள்ள டி செல்களை எண்ணினார்கள். மாற்றம் இல்லை. மூளைப் பக்கக் காவல் குறையவில்லை என்பதற்கு அது சான்று. இன்னொரு சோதனையில் தன்னார்வலர்களுக்கு இரண்டு தடுப்பூசிகள் கொடுத்தார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி கையில், காலரா தடுப்பு மருந்து வாய் வழியாக. வெடோலிசுமாப் எடுத்தவர்களின் உடல் ஹெபடைடிஸ் பி ஊசிக்கு எப்போதும்போல் ஆன்டிபாடி தயாரித்தது. வாய் வழி காலரா மருந்துக்கு மட்டும் எதிர்வினை குறைந்தது. ஒரே மனிதர், ஒரே ரத்தம். கையில் போட்டதற்குப் பதில் வருகிறது, குடலில் போட்டதற்குப் பதில் மங்குகிறது. திசுவைக் குறிவைப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணத்தை நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவே மருந்து கிட்டத்தட்ட செத்துப் பிழைத்தது. லூகோசைட் என்ற சிறு நிறுவனம் கையில் எடுத்தது, அதை மில்லேனியம் வாங்கியது, மில்லேனியத்தை ஜப்பானின் டகேடா 2008-இல் வாங்கியது. 2005-இல் வெளியான 181 பேர் கொண்ட சோதனையில் ஆறு வாரத்தில் மூவரில் ஒருவருக்கு நோய் அடங்கியது. போலி மருந்து எடுத்தவர்களில் 14 சதவீதம். ஆனால் மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு அந்த ஆன்டிபாடிக்கே எதிராக ஆன்டிபாடி உருவாகியிருந்தது. தயாரிக்கும் செல்லையே மாற்றி, மறுபடி தொடங்கினார்கள். 2013-இல் ஜெமினி என்ற பெயரில் நடந்த பெரிய சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. அமெரிக்க அனுமதி 2014 மே மாதம். ஆக்ட்-1 வெளியான ஆண்டிலிருந்து எண்ணினால் முப்பது வருடம்.

பலன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஜெமினி சோதனையில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளில் ஆறு வாரத்தில் 47.1 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். போலி மருந்தில் 25.5. ஆரம்பத்தில் பலன் கண்டவர்களை மட்டும் எடுத்துத் தொடர்ந்தபோது, ஓராண்டு முடிவில் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து எடுத்தவர்களில் 41.8 சதவீதம் பேர் நோய் அடங்கிய நிலையில். போலி மருந்தில் 15.9. கிரோன் நோயில் இவ்வளவு இல்லை. ஆறு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் 14.5 சதவீதம், போலி மருந்தில் 6.8. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை மறிக்கும் அடாலிமுமாப் என்ற ஆன்டிபாடியோடு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை 2019-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் 31.3-க்கு 22.5 சதவீதம் என்று வெடோலிசுமாப் முந்தியது. ஆனால் ஸ்டீராய்டு இல்லாமல் அடங்கியவர்கள் என்று பார்த்தால் முந்தவில்லை.

அதாவது, பாதிப் பேருக்கு மேல் இந்த மருந்து போதாது. ஏன் என்று தேடினால் படம் சிக்கலாகிறது. மருந்து கொடுத்த பிறகு குடல் திசுவை எடுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வொன்றில் டி செல்களின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி குறையவில்லை. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் வகைச் செல்களில்தான் மாற்றம் தெரிந்தது. டி செல்லை மறிக்கிறோம் என்று தொடங்கிய மருந்து வேறு வழியிலும் வேலை செய்கிறதோ என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. பீட்டா7-ஐப் பிடிக்கும் எட்ரோலிசுமாப் என்ற ஆன்டிபாடி, செல்கள் குடலுக்குள் வருவதையும் அங்கே தங்குவதையும் ஒன்றாக மறிக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. பெரிய சோதனைகளில் சிலவற்றில் தேறியது, சிலவற்றில் தோற்றது.

எனவே, எந்த நோயாளிக்கு எந்த ஆன்டிபாடி என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். நோயறிதலும் சிகிச்சையும் ஒன்றாக வர வேண்டிய இடம் இது. ஜெர்மனியின் எர்லாங்கனில் அட்ரேயாவும் நியூராத்தும் 2014-இல் வெளியிட்ட வேலை என் மனசுக்கு நெருக்கமானது. அவர்கள் அடாலிமுமாப் மருந்தின் மீதே ஒளிரும் சாயத்தை ஏற்றினார்கள். கொலனோஸ்கோபி செய்யும்போது கிரோன் நோயாளியின் குடல் சவ்வின் மீது அதைத் தெளித்து, நுண்நோக்கி பொருத்திய குழாயால் பார்த்தார்கள். டிஎன்எஃப் புரதத்தை மேலே சுமந்த செல்கள் ஒளிர்ந்தன. மொத்தம் 25 நோயாளிகள். ஒளிரும் செல்கள் அதிகம் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குப் பிறகு அந்த மருந்து வேலை செய்தது. குறைவாக இருந்தவர்களில் 15 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் ஏற்றப் போகிற ஆன்டிபாடியைக் கொண்டே, அது பிடிக்க அங்கே ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது எவ்வளவு நேரான யோசனை! பிறகு அதே குழு, ஒளிரும் வெடோலிசுமாபையும் குடல் சதைத் துண்டுகளில் சோதித்துப் பார்த்தது. வெளியான ஆண்டிலேயே இது எல்லா ஊருக்கும் பரவியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். மாதக்கணக்கில் விலை உயர்ந்த மருந்தை ஏற்றி, பலனில்லை என்று கண்டு, அடுத்ததற்குப் போகிற குடும்பங்களை நான் அறிவேன். நகையை வைத்து மருந்து வாங்குகிறவர்களுக்கு முதல் மருந்தே சரியாக அமைவது பெரிய விஷயம்.

நம் நாட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலில் கிருமியைச் சுற்றி உடல் கட்டும் கிரானுலோமா என்ற வளையத்தை இறுக்கமாக வைத்திருப்பதில் டிஎன்எஃப்-க்குப் பெரிய பங்கு. டிஎன்எஃப்-ஐ மறிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் 1998-இல் கிரோன் நோய்க்கு வந்தது. 2001-இலேயே அதை எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததைப் பற்றிய அறிக்கை வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது. உறங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிட்டது. ஆகவே நம் ஊரில் குடலோடு நின்றுகொள்ளும் மருந்தின் மதிப்பு, ஐரோப்பாவில் இருப்பதைவிட அதிகம் என்று நினைக்கிறேன். அதற்காகக் காசநோய்ப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. காசநோய் குடலிலும் வருமே.

உண்மையில் எங்கள் ஆய்வகத்தின் பெரிய தலைவலியே அதுதான். சிறுகுடல் முடியும் இடத்தில் புண், கிரானுலோமா. கிரோன் நோயா, குடல் காசநோயா? இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேலூர் சிஎம்சி-யின் புலிமூடும் அவரது குழுவினரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையை எங்கள் டாக்டர் இன்றும் பயிற்சி மருத்துவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறார். காசநோயில் கிரானுலோமா பெரியது, பல ஒன்றாகச் சேர்ந்திருக்கும், நடுவே சதை செத்துத் தயிர்க்கட்டிபோல் ஆகியிருக்கும். கிரோனில் சிறியது, அரிது. இந்த வேறுபாடு உதவுகிறது, ஆனால் எல்லாத் துண்டிலும் தெளிவாக இருக்காது. கிருமியை நேரடியாகக் காட்டும் சீல்-நீல்சன் நிறமேற்றலில் குடல் துண்டுகளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கடைசியில் இரண்டு மூன்று மாதம் காசநோய் மாத்திரை கொடுத்துவிட்டு, மறுபடி கொலனோஸ்கோபி செய்து, புண் ஆறியதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கிரோன் நோயாளியாக இருந்தால் அந்த மாதங்களில் குடல் இன்னும் சுருங்கும். காசநோயாளியாக இருந்து டிஎன்எஃப் தடுப்பு மருந்து கொடுத்துவிட்டால் நோய் உடலெங்கும் பரவும்.

இந்த இரண்டையும் ஒரு சொட்டில் பிரித்துக் காட்டுகிற ஆன்டிபாடி எனக்கு வேண்டும். கிருமியின் புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைச் சிலர் குடல் துண்டுகளில் முயன்றிருக்கிறார்கள், எங்கள் மேசையில் தினமும் நம்பிப் போடும் அளவுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. பணக்கார நாடுகளில் குடல் காசநோய் அரிது. அங்கே இதற்கு அவசரம் இல்லை. இங்கே இருக்கிறது. இப்படி ஒரு ஆன்டிபாடியைச் சோதிக்க, விடை ஏற்கெனவே தெரிந்த நூற்றுக்கணக்கான துண்டுகள் தேவைப்படும்: மாத்திரையில் ஆறியவர்களுடையது, ஆறாமல் கிரோன் என்று உறுதியானவர்களுடையது. அவை மெழுகுக் கட்டிகளாக, ஆண்டுவாரியாக எண் போட்டு, நம் நாட்டு நோய்க்கூறியல் துறைகளின் அலமாரிகளில் ஏற்கெனவே இருக்கின்றன.